வாசகர் கேள்வி – பதில்: ஜீப்பின் பின் இருக்கையைக் கழற்றலாமா?

குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் நாள்களில் இந்த வாகனப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். அதுவரை மைலேஜ், டயர், பேட்டரி என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வண்டிக்குள் எத்தனை நாற்றுக் கட்டுகள் பிடிக்கும் என்று கேட்கத் தொடங்குவார்கள். இம்முறை வந்தவற்றில் ஜீப் வகை வண்டிகளின் பின் இருக்கையைக் கழற்றுவது பற்றியவை மிகுதியாக இருந்ததால், இந்த இதழில் நமக்குள்ள பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்களிடம் ஏழு பேர் அமரும் போலீரோ இருக்கிறது. வீட்டில் நாங்கள் நால்வர்தான். கடைசியில் எதிரெதிராக உள்ள இரண்டு சிறு இருக்கைகளில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவிற்கும் மட்டுமே யாராவது உட்காருகிறார்கள். அவற்றையும், முடிந்தால் நடு இருக்கையையும் கழற்றிவிட்டால் விசைத்தெளிப்பான், மோட்டார், உர மூட்டை ஆகியவற்றை வயலுக்கு எடுத்துச் செல்ல வசதியாக இருக்கும். கழற்றலாமா? எப்படிக் கழற்றுவது?
(மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் கேள்வியில் இரண்டு வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. கடைசியில் உள்ள பக்க இருக்கைகளை, முறையாகச் செய்வதென்றால், கழற்றலாம். நடு இருக்கையைக் கழற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

நடு இருக்கையின் சாய்மானம் வண்டிக்குள் ஒரு தடுப்புச் சுவராகவும் நிற்கிறது. பின்னால் ஏற்றிய பொருள் முன்னோக்கிப் பாயும்போது முதலில் மோதுவது அதன் மீதுதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி சாலையோரப் புளியமரத்தில் மோதி, முன்பகுதி நசுங்கி, ஒரு மீட்டர் தூரத்திற்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் பொருளையும் அதே தூரத்திற்குள் நிறுத்த வேண்டுமானால் அதன் எடையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு விசை தேவைப்படும். 30 கிலோ மோட்டாருக்கு அது 300 கிலோ. அந்த விசையைத் தாங்குவதற்கு இடையில் கயிறும் இல்லை, சாய்மானமும் இல்லை என்றால், ஓட்டுநரின் முதுகுதான் தாங்க வேண்டியிருக்கும். நீளமான குழாயையோ ஏணியையோ ஏற்றியே ஆக வேண்டிய நாளில் நடு இருக்கையை மடக்கிக்கொள்ளுங்கள். மடக்கியபோதும் சுவர் இல்லை என்பதை நினைவில் வைத்து, கனமான பொருளை முன் இருக்கையின் பின்புறத்தோடு இடைவெளியின்றி ஒட்டி வைத்துக் கட்டிவிடுங்கள். இடைவெளி இருந்தால்தான் பொருள் ஓடிவந்து மோதும்.

இனிக் கடைசி இருக்கைகள். வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டும் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது எந்த வாஷர் மேலே, எது கீழே என்ற சண்டை வராது. இருக்கையின் காலடியிலும் பக்கச் சுவரிலும் போல்ட்டுகள் இருக்கும். திறப்பதற்கு ஆறு முனை உள்ள சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டும், திருகி அளவை மாற்றும் ஸ்பேனரும் இறுகிய போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். மழுங்கிய போல்ட்டுக்குப் பிறகு பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஒருவர் இருக்கையைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் கடைசிப் போல்ட்டைக் கழற்றுவது நல்லது. இருக்கைக்கென்று பட்டை (சீட் பெல்ட்) இருந்தால் அதைக் கழற்றாமல், சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி, அது இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பல வண்டிகளில் பட்டையின் போல்ட்டு 7/16 அங்குல அளவில், அங்குலத்திற்கு 20 புரி கொண்டதாக இருக்கும். மற்றப் போல்ட்டுகள் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அவசரத்தில் ஒன்றின் துளையில் மற்றொன்றை முறுக்கினால் பட்டையின் புரி கெட்டுவிடும். அப்படிக் கெட்ட பட்டை விபத்து நடக்கும் நாள் வரை நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும்.

கழற்றிய போல்ட்டுகளை எங்கே வைப்பது என்று பலரும் கேட்கிறார்கள். அவை வந்த துளைகளிலேயே, கொஞ்சம் கிரீஸ் தடவி, வாஷரோடு திரும்ப முறுக்கிவிடுங்கள். போல்ட்டும் தொலையாது, துளையும் அடைபடும். இரண்டாவது பயன்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இருந்த பழைய ஜீப்பின் பின் பெஞ்சுகளைக் கழற்றி, துளைகளை அப்படியே திறந்து விட்டிருந்தேன். கோடியக்கரையிலிருந்து திருத்துறைப்பூண்டி வந்து சேர்வதற்குள் எனக்கும் உடன் வந்தவருக்கும் தலை கனத்துப்போனது. வெயில் என்று நினைத்தோம். மறுநாள் அடியில் படுத்துப் பார்த்தபோது, சைலன்சர் குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்து, திறந்த துளைகளுக்கு நேர் கீழே புகைந்துகொண்டிருந்தது. பின் கதவையோ பின்பக்கத் தார்ப்பாயையோ திறந்து வைத்து ஓடும் வண்டிக்குள் காற்று பின்னாலிருந்து முன்னோக்கி இழுக்கப்படும் என்பதால் புகை உள்ளே வருவது எளிது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே, அடைக்காத துளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பொருந்தும் போல்ட்டு இல்லாத இடத்தில் ரப்பர் மூடி போட்டு, சுற்றிலும் சிலிக்கான் பசை தடவுங்கள்.

கழற்றிய தளத்தின் மேல் தகரமோ பலகையோ அடிக்க வேண்டாம். மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் தடித்த ரப்பர் பாயை அளவாக வெட்டிப் போடுங்கள். மூட்டை வழுக்காது, இருக்கை போனபின் எழும் தகர இரைச்சலும் குறையும். வாரம் ஒருமுறை அதைத் தூக்கிப் பார்த்து அடியில் சேர்ந்த ஈரத்தைத் துடைக்க வேண்டும். களிமண் ஒட்டிய காலோடு ஏறி இறங்கும் நம் ஊரில் அந்த ஈரம் தளத்தை ஒரே மழைக்காலத்தில் துருவாக்கிவிடும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அந்த இரண்டு இருக்கைகளில் உட்காரக்கூடிய இருவரின் எடை சுமார் 130 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ என்பதால், அவர்களுக்கு ஈடாக மூன்று மூட்டைகள் வரும். இடம் இருக்கிறது என்பதற்காக எட்டு மூட்டைகளை அடுக்கினால், வண்டியின் மொத்த எடைக்கு உற்பத்தியாளர் வைத்த எல்லையை, நீங்களும் குடும்பத்தாரும் ஏறியதும், தாண்டிவிடக்கூடும். சுமையைக் கட்டுவதற்கு, இருக்கை இருந்த துளைகளிலேயே அதே புரி கொண்ட வளையப் போல்ட்டுகளை முறுக்கிக்கொள்ளலாம். தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்த போல்ட்டு வந்த இடத்தில் அதே தரமுள்ளதைத்தான் போட வேண்டும். பழைய இரும்புக் கடையில் அளவு பார்த்து எடுத்தது உதவாது.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மகிந்திரா ஜீப். பின்னால் இரு பக்கமும் நீள பெஞ்சு. மீன் பெட்டி ஏற்றுவதற்காக ஒரு பக்கத்து பெஞ்சையாவது எடுக்க நினைத்தேன். ஒரு போல்ட்டுகூட அசையவில்லை. இரண்டு போல்ட்டுகளின் தலை உடைந்தே போய்விட்டது. பட்டறையில் கேஸ் வைத்து அறுத்துவிடலாம் என்கிறார்கள்.
(வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்)

உப்பளக் காற்றில் நிற்கும் வண்டிக்கு இது வழக்கமான கதை. கேஸ் வைத்து அறுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜீப் வகை வண்டிகளில் எரிபொருள் தொட்டி பெரும்பாலும் இருக்கைகளுக்கு அருகிலோ அடியிலோ இருக்கும். அறுக்கும் சுடரின் வெப்பம் தளத்தின் வழியாகத் தொட்டிக்கும் டீசல் குழாய்க்கும் இருக்கையின் நுரைக்கும் போகும். அறுத்தபின் இருக்கையைத் திரும்பப் பூட்டுவதற்கு உரிய புரியும் இல்லாமல் போய்விடும். தொட்டியை இறக்காமல், நுரையையும் ரப்பரையும் அகற்றாமல், தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கும் பட்டறையைவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

பொறுமையாகச் செய்யும் வழி வேறு. போல்ட்டின் மேல் தலையைப் பார்த்துக்கொண்டே மல்லுக்கட்டுகிறோம். உண்மையான துரு பெரும்பாலும் தளத்தின் அடியில், நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரியில் இருக்கும். அந்தத் துருவேறிய புரி நட்டுக்குள் ஏற முயலும்போதுதான் போல்ட்டு இறுகி உடைகிறது. ஆகவே வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, அடியில் தெரியும் புரியைக் கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துருவில் ஊடுருவும் எண்ணெயை அங்கே தெளியுங்கள். இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் மீண்டும் தெளியுங்கள். பிறகு முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூலளவு திருப்பிவிட்டுத்தான் தளர்த்த வேண்டும். கால் சுற்று தளர்ந்ததும் மீண்டும் சற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். நெல் தூற்றுவதுபோல் முன்னும் பின்னுமாகச் செய்துகொண்டே போனால், பத்தில் எட்டு போல்ட்டுகள் வந்துவிடும் என்பது என் அனுபவம்.

தலை உடைந்த இரண்டுக்கும் நடுவில் துளையிட்டு, இடப்புரி உருவி (உடைந்த போல்ட்டைப் பற்றி, கழற்றும் பக்கமாகச் சுற்றி வெளியே எடுக்கும் கருவி) வைத்து எடுக்க வேண்டும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. நட்டு தளத்தோடு பற்றவைக்கப்பட்டதாக இருந்து, அது பிய்ந்து உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால், அங்கே துரு தளத்தையும் தின்றிருக்கிறது என்று பொருள். அத்தகைய இடத்தில் இருக்கையைத் திரும்பப் பூட்டினாலும் பிடிப்பு இருக்காது. முதலில் தளத்தைச் சரிசெய்யுங்கள். உங்கள் வண்டியில் மீன் பெட்டி ஏறப்போகிறது என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீர் பெஞ்சு இருந்தபோது நடைபாதையில் விழுந்து வெளியேறியது. இனி அது போல்ட்டுத் துளைகளின் மேலேயே தேங்கும். தளத்தில் உள்ள வடிகால் துளைகளின் ரப்பர் மூடிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, நாள்தோறும் அவற்றைத் திறந்து நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, திரும்ப மூடிவிடுங்கள்.

கேள்வி: இருக்கையைக் கழற்றிய வண்டியைப் போலீசார் நிறுத்தினால் அபராதம் விதிப்பார்களா? இன்சூரன்ஸ் செல்லுமா? எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் இருக்கைகளின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், உற்பத்தியாளரின் குறிப்புக்கு மாறாகச் செய்யப்படும் மாற்றத்தை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அதே 52ஆம் பிரிவின் விளக்கம், மாற்றம் என்பதை வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று வரையறுக்கிறது. தளத்தை வெட்டுவது, பெட்டி பற்றவைப்பது, கூரையை எடுப்பது ஆகியவை ஐயமின்றி இதற்குள் வரும். நான்கு போல்ட்டைக் கழற்றி, மாலையில் திரும்பப் பூட்டக்கூடிய இருக்கையை இதில் சேர்க்கலாமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். நாற்று வாடிக்கொண்டிருக்கும்போது சாலையோரத்தில் நின்று அந்த வாதத்தை நடத்த உங்களுக்கு நேரம் இருக்காது. ஆகையால் என் யோசனை இது: இருக்கைகளை வயல் வேலைக்கான நாள்களில் மட்டும் கழற்றுங்கள், எதையும் வெட்டவும் பற்றவைக்கவும் வேண்டாம், ஊர் எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலையில் போகும் பயணத்திற்கு அவற்றைப் பூட்டிக்கொண்டு போங்கள். நிரந்தரமாகவே வேண்டாம் என்றால், கழற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பித்து, அவர்களின் பதிலைப் பெற்றபின் செய்யுங்கள். உங்கள் வண்டி 15 ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தால், பதிவைப் புதுப்பிக்கும் ஆய்வுக்குப் போகும்போது எல்லா இருக்கைகளும் பட்டைகளும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றிய கேள்விக்குத்தான் ஊரில் எல்லோரும் தவறான பதில் சொல்கிறார்கள். இருக்கை இல்லாததால் பாலிசி செல்லாமல் போகும் என்று அஞ்சுகிறார்கள். அந்தக் காலி இடத்தில் எதை ஏற்றினோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. தனியார் கார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடுவதும், மாதிரிப் பொருள்களும் சொந்தப் பயணச் சுமையும் தவிர்த்த சரக்கை ஏற்றுவதும் பாலிசியின் கீழ் வராது என்று அதில் எழுதியிருப்பார்கள். சட்டத்தின் வரையறையிலும், சரக்குக்கென்று செய்யப்படாத வண்டியில் சரக்கை ஏற்றினால் அந்த நேரத்தில் அது சரக்கு வண்டியே. காரில் கொண்டுசெல்லும் சொந்த உடைமைகள் மட்டும் சரக்கு என்ற சொல்லுக்கு விலக்கு. உங்கள் தெளிப்பானையும் மண்வெட்டியையும் சாப்பாட்டுக் கூடையையும் உடைமை என்று சொல்லலாம். 40 கிலோ நெல் மூட்டைகள் பத்தை நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்கு ஏற்றிச்செல்லும் வழியில் விபத்து நேர்ந்து, சொந்த வண்டிச் சேதத்திற்கு இழப்பீடு கேட்டால், நிறுவனம் அந்தப் பத்தியைத்தான் முதலில் திறந்து காட்டும். பக்கத்து வயல்காரரின் மூட்டைக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஏற்றுவது இன்னும் மோசம். நெல் மூட்டைக்குக் குட்டியானையோ டிராக்டர் டிரெய்லரோ பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வாடகையை மிச்சப்படுத்துவதற்காக ஜீப்பைக் கழற்றுவது கணக்குக்குப் பொருந்தாது.

கேள்வி: பின் இருக்கையை எடுத்தால் மைலேஜ் கூடுமா?
(திருவையாற்றிலிருந்து ஒரு வாசகர்)

கூடாது. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டியிலிருந்து 25 கிலோவை எடுத்தால் இரண்டு விழுக்காடு எடைகூடக் குறைவதில்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிடப் பயன் தரும்.

கேள்வி: பின் இருக்கைகளைக் கழற்றிய பிறகு, காலி வண்டியாக ஓட்டும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மழை பெய்த அன்று கல்லணைக் கால்வாய்க் கரையில் பிரேக் அடித்தபோது பின் சக்கரங்கள் வழுக்கி வண்டி பக்கவாட்டில் திரும்பிவிட்டது. இருக்கை போனதுதான் காரணமா?
(ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகர்)

ஓரளவுக்கு. இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங் உள்ள பின் அச்சு சுமை தாங்குவதற்காகக் கடினமாகச் செய்யப்பட்டது. காலி வண்டியில் அது வளைந்து கொடுக்காது. இருக்கையின் எடையும் போனபின் குலுக்கல் இன்னும் தெரியும். ஆனால் பிரேக் அடிக்கும்போது நடப்பது குலுக்கலைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம். வண்டி நிற்க முயலும்போது எடை முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஏற்கெனவே இலேசான பின் சக்கரங்களுக்கு இன்னும் குறைவான பிடிப்பே மிஞ்சுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு இல்லாத பழைய வண்டியில் அவை எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போய் நிற்கும். பின் சக்கரம் வழுக்கினால் வால் முன்னே வரப் பார்க்கும். கரைச் சாலையில் அதற்கு இடம் கிடையாது.

சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டத்திற்கும்) இடையே ஒரு சிறு கம்பி இணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. அந்தக் கம்பி துருப்பிடித்து ஒரே நிலையில் நின்றுவிட்டாலோ, யாராவது அதைத் தூக்கிக் கட்டிவிட்டாலோ, காலி வண்டிக்கும் முழுச்சுமைக்கான அழுத்தமே போகக்கூடும். உங்கள் வண்டியில் இருக்கையைக் கழற்றியதற்கும் வழுக்கியதற்கும் இடையில் இந்தக் கம்பி இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் டயர்களின் தேய்மானத்தையும், முழுச்சுமைக்கு அடித்த காற்று அப்படியே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் காலி வண்டிக்கும் சுமை வண்டிக்கும் உரிய காற்றளவு தனித்தனியே கொடுக்கப்பட்டிருக்கும். எடை போதவில்லை என்று மணல் மூட்டையைப் பின்னால் போட்டுக்கொண்டு திரிபவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டாத மணல் மூட்டை என்ன செய்யும் என்பதை மன்னார்குடி வாசகருக்கான பதிலில் சொல்லிவிட்டேன்.

கேள்வி: இருக்கை போன இடத்தில் மெத்தை விரித்துவிட்டால் பிள்ளைகள் படுத்துக்கொண்டு வரலாம் அல்லவா? தாத்தா வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான்.
(பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி)

கூடாது அம்மா. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்வதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின் கீழ் ரூ. 1,000 அபராதம் உண்டு என்பது இரண்டாவது காரணம். பிள்ளையும் பின்னால் கிடக்கும் மோட்டாரைப் போலத்தான் முன்னே பாயும் என்பது முதல் காரணம். பிள்ளைகள் வரும் பயணத்திற்கு இருக்கையைப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: எங்களுடையது சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நான்கு சக்கர இயக்க வண்டி. தென்னந்தோப்புக்குத் தேங்காய் எடுக்கப் போவதற்காகப் பின் இருக்கையைக் கழற்றினோம். அன்றிலிருந்து வண்டியைக் கிளப்பினால் பட்டை எச்சரிக்கை ஒலி நிற்பதே இல்லை. இணைப்புக் கம்பியைத் துண்டித்து முடிச்சுப் போட்டுவிடலாமா?
(பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

முடிச்சுப் போடாதீர்கள். புதிய வண்டிகளில் இருக்கைப் பட்டையின் கொக்கிக்குள்ளோ மெத்தைக்கு அடியிலோ ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். இருக்கையைத் தூக்கியபோது அதன் இணைப்பு பிரிந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கோளாறாகவோ பட்டை அணியாத பயணியாகவோ எடுத்துக்கொண்டிருக்கிறது. கம்பியை வெட்டி இணைத்தால் இன்று ஒலி நிற்கும். நாளை இருக்கையைப் பூட்டி ஒருவர் பட்டை அணியாமல் உட்கார்ந்தாலும் ஒலி வராது. மஞ்சள் நிற உறையோ மஞ்சள் இணைப்போ உள்ள கம்பி எதையும் தொடவே கூடாது. அது காற்றுப்பைக்கு (ஏர்பேக்) உரியது.

அடுத்த முறை கழற்றும்போது சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிரித்து, சில நிமிடங்கள் காத்திருந்து, அதன்பின் இணைப்பின் பூட்டை நகத்தால் அழுத்திப் பிரியுங்கள். பிரிந்த முனையை நெகிழிப் பையில் சுற்றி, தளத்திற்கு மேலே கட்டிவையுங்கள். தேங்காய்த் தண்ணீரும் தூசியும் அதற்குள் போகக் கூடாது. இப்போது நிற்காத ஒலிக்கு, உங்கள் வண்டியின் சேவை நிலையத்தில் கோளாறு பதிவை அழித்துத் தரச் சொல்லலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒன்று தோன்றியது. இன்றைய வண்டிகளின் பின் இருக்கை பெரும்பாலும் மடங்கக்கூடியது. இருபாதியாகப் பிரிந்து மடங்குவதும் உண்டு. 1985இல் வந்த மாருதி ஜிப்சியின் எதிரெதிர் பெஞ்சுகளையும் பழைய ஜீப்புகளையும் பார்த்துப் பழகிய நமக்குக் கழற்றுவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தேங்காயைச் சாக்கில் கட்டி மடக்கிய இருக்கையின் மேல் அடுக்கினால் போதாதா என்று ஒருமுறை முயன்று பாருங்கள். மெத்தை கிழியாமலிருக்க மேலே ஒரு பழைய தார்ப்பாயை விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கழற்றிய இருக்கைகளை நெல் கொட்டிவைக்கும் அறையில் போட்டிருந்தோம். மூன்று மாதத்தில் எலி நுரையெல்லாம் தோண்டிவிட்டது. எப்படி வைப்பது?
(கீழ்வேளூரிலிருந்து ஒரு வாசகர்)

நெல் இருக்கும் அறையில் எலிக்கு விருந்து வைத்துவிட்டீர்கள். இருக்கையின் நுரை அதற்கு உணவன்று, கூடு. குட்டி போடுவதற்கு அதைவிட மெத்தென்ற இடம் அதற்குக் கிடைக்காது. நுரையைத் தோண்டியதோடு விட்டதா, பட்டையின் நெய்த நாடாவையும் கடித்ததா என்று வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். நாடாவில் சிறு கடி இருந்தாலும் அந்தப் பட்டையைத் தைத்துப் பயன்படுத்தக் கூடாது. புதியதாக மாற்ற வேண்டும். நுரையை மட்டும் குஷன் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

இனி வைக்கும்போது, முதலில் இருக்கையை ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மடிப்புகளில் உள்ள வைக்கோல் துணுக்கையும் நெல்மணியையும் தட்டி எடுங்கள். அடுத்து, தரையில் வைக்காமல், கூரைச் சட்டத்திலிருந்து இரண்டு கம்பிகளில் கட்டித் தொங்கவிடுங்கள். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளியிருந்தால் எலி தாவுவது கடினம், கரையானும் ஏறாது. கயிற்றில் கட்டினால் எலி அதன் வழியாகவே எளிதில் இறங்கிவரும் என்பதால் மெல்லிய, வழுவழுப்பான கம்பிதான் நல்லது. நெகிழித் தாளில் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பழைய பருத்திப் புடவையால் போர்த்தினால் போதும். நெல்லுக்குப் போடும் நொச்சித் தழையையே உலர்த்தி மடிப்புகளுக்குள் வைக்கலாம். இருக்கையின் இரும்புக் கால்களுக்குக் கிரீஸ் தடவி, எந்தப் பக்கத்து இருக்கை என்பதைச் சுண்ணாம்பால் காலிலேயே எழுதிவையுங்கள். தை மாதம் பூட்டும்போது, எல்லாப் போல்ட்டுகளையும் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை நேருக்கு வராது. கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்கிவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள்.